‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்கும் கேம்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே கதைகளின் முடிவு வரை உடைத்து எழுதியிருக்கிறேன். த வோக்கிங் டெட், விட்சர் 3, டிஸ்கோ எலிசியம் இந்த மூன்றில் எதையாவது இனிமேல்தான் விளையாட இருக்கிறீர்கள் என்றால் இதை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு, முடித்தபிறகு வாருங்கள்.

பல வருடமாக நான் காசு கொடுத்து வாங்கி, முடித்து, சிலதைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி விளையாடி வருவது பெரும்பாலும் கதைக் கேம்கள்தான். இவற்றை விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பல்லவி: உங்கள் தெரிவுதான் கதையைத் தீர்மானிக்கும், இத்தனை முடிவுகள் இருக்கின்றன. விட்சர் 3 வரும்போது அதன் முடிவில் 36 விதமான நிலைகள் இருப்பதாகத் தயாரித்தவர்களே சொன்னார்கள். பேப்பர்ஸ் பிளீஸுக்கு 20 முடிவுகள். இந்த எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எனக்கு மனதில் நின்றவை வேறு வகை. நான் ஒன்றைச் செய்துவிட்டு, அதை மறந்தும் போய், வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கதைக்குள் இருந்து ஒருவர் எழும்பி வந்து ‘அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்க வேண்டும். கேட்டால் அது நல்ல கேம். கேட்காவிட்டால் எத்தனை கிளை பிரிந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

டெல்டேல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட த வோக்கிங் டெட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தெரிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறதா என்ற சண்டை எங்கள் பெடியளுக்குள் தொடங்கியதே அதில்தான். கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குக் கொண்டுபோகப்படும் லீ வழியில் தப்பி, கிளெமென்டைன் என்ற சின்னப் பிள்ளையைப் பாதுகாத்துக்கொண்டு எழும்பி நடக்கும் பிணங்களான சோம்பிகளுக்கு நடுவில் அலைகிறான். பதில் சொல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கும், வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பதில், மூலையில் ‘கிளெமென்டைன் இதை ஞாபகம் வைத்திருப்பாள்’ என்று ஒரு வரி வந்து போகும். முதல் அத்தியாயக் கடைசியில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஆளும் சூடுபட்டுச் செத்துப்போகும். எந்த ஒழுங்கையால் சைக்கிளை விட்டாலும் கடைசியில் நல்லூர்க் கோயில் வீதியில்தான் ஏறுகிறோம், பிறகு இதில் என்ன தெரிவு என்று என் மச்சான் கேட்பான். நியாயமான கேள்விதான்.

ஆனால் அதே கேமில் இரண்டாம் அத்தியாய முடிவைப் பாருங்கள். பட்டினியோடு வரும் கூட்டம் காட்டுக்குள் நிற்கும் ஒரு காரைக் காண்கிறது. உள்ளே நிறையச் சாப்பாட்டுச் சாமான், ஆள் இல்லை. எடுப்பது கிளெமென்டைனுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் கை வைக்காமல் நின்றாலும் மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள், ஆக இங்கேயும் கதை மாறாது. அப்புறம் கடைசி அத்தியாயத்தில் அந்தக் காரின் சொந்தக்காரன் லீயை ஒரு அறைக்குள் இருத்தி வைத்து விசாரிக்கிறான். அந்தச் சாமான் போனதால் தன் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று சொல்கிறான். அதோடு விடவில்லை. கிளெமென்டைனோடு வாக்கிடாக்கியில் கதைத்துக் கதைத்து லீ செய்த மற்றதெல்லாம் அறிந்து வைத்திருக்கிறான், ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கிறான். நான் காரைத் தொடாதவன் என்றாலும் அந்தக் கதிரையில் இருந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. டக், கார்லியில் யாரைக் காப்பாற்றினேன் என்பதை இன்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த விசாரணை அப்படியே ஞாபகம் இருக்கிறது.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பெரிய எதிரி சேவும் லோடும்தான், அதாவது விளையாடிய இடத்தைப் பதிந்து வைப்பதும் அதைத் திரும்ப எடுப்பதும். பதில் சரிவராவிட்டால் பழைய பதிவை எடுத்துத் திரும்பச் சொல்லலாம் என்றால் யாருக்கு என்ன பயம்? டோபி ஃபொக்ஸ் செய்த அண்டர்டேல் (2015) இதைப் பிடித்துக்கொண்டது. தொடக்கத்தில் தாய் மாதிரிப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் லோட் போட்டு அவளை உயிரோடு விட்டால், ஃபிளவி என்ற பூ வந்து நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. எல்லாரையும் கொல்லும் வழியில் கடைசி வரை போனவருக்கு, பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி ஒருவரையும் தொடாமல் முடித்தாலும் அந்த நல்ல முடிவில்கூட ஒரு கறை வரும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சில் (2015) நேரத்தைப் பின்னால் ஓட்டுவதுதான் மாக்ஸ் என்ற மாணவியின் சக்தியே. ஆனால் கூடப் படிக்கும் கேட் சாகத் துணிந்து கூரை விளிம்பில் நிற்கும் அந்த ஒரு இடத்தில் அது வேலை செய்யாது. அதுவரை அவளோடு எப்படிக் கதைத்தீர்கள், அவளைப் பற்றி எதைக் கவனித்தீர்கள் என்பதுதான் அங்கே கைகொடுக்கும்.

இனி திஸ் வோர் ஒஃப் மைன். 2014இல் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் செய்தது, போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை மனதில் வைத்து. துவக்கு வைத்திருப்பவன் கதை இல்லை, முற்றுகைக்குள் அகப்பட்ட சனங்களின் கதை. பகலில் வீட்டைத் திருத்தி, அடுப்பு மூட்டி, இரவில் ஒருவரை வெளியே அனுப்பிச் சாமான் தேட வேண்டும். நாங்களாகச் சேவ் பண்ண வழியில்லை, ஒவ்வொரு நாள் தொடக்கத்திலும் தானாகப் பதிவாகும். 2022இல் இலங்கையில் கரண்ட் வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் இதை விளையாடினேன். இரவு வேட்டைக்குப் போய் ஆளைப் பறிகொடுத்த அதே நேரத்தில் கரண்ட் போனால், திரும்ப வந்து கணினியைப் போடும்போது அந்த இரவு நடக்கவேயில்லை, செத்தவன் அடுப்படியில் நிற்பான். கேமைச் செய்தவர்கள் மறுத்த சலுகையைக் கரண்ட் வெட்டு கொடுத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தக் கேமில் வயதான கணவனும் மனைவியும் இருக்கும் ஒரு வீடு வரும். அவர்களிடம் ஆயுதம் கிடையாது, உங்களைத் தடுக்க முடியாது, மருந்தை எடுக்காதே என்று கெஞ்சத்தான் முடியும். எடுத்தால் உங்கள் ஆட்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், ஆனால் அடுத்த நாளே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள், வேலை சொன்னால் செய்யமாட்டார்கள். பிறகு ஒரு நாள் அந்த வீட்டுப் பக்கம் போனால் அங்கே பார்க்கக் கிடைப்பது பிணங்கள். யாரும் உங்களுக்குப் புத்தி சொல்லவில்லை, மதிப்பெண் குறைக்கவில்லை. 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தபோது எனக்குப் புதுமையாகப் படவில்லை.

அம்மா சில நேரம் பின்னால் கதிரையில் இருந்து பார்ப்பார். தொண்ணூறுகளில் யுத்தத்துக்குள் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிக்க வைத்தவர், சைக்கிள் டைனமோவைச் சுற்ற விட்டு ரேடியோ கேட்ட சனத்தில் ஒருவர், அவருக்கு இந்தக் கேமை விளங்கப்படுத்த வேண்டி இருக்கவில்லை. குறை மட்டும் சொல்வார். கேமுக்குள் குளிர் கூடிய ஒரு நாள், விறகு முடிந்துவிட்டது. இதில் கிடைக்கும் புத்தகங்களை வாசிக்கவும் செய்யலாம், குளிருக்கு எரிக்கவும் செய்யலாம். நான் எரிக்கப் போனேன்.

“உந்தப் புத்தகத்தை ஏன்ரா அடுப்புக்குள்ள போடுறாய்? கதிரை ஒண்டு கிடக்கெல்லோ, அதைக் கொத்தன்.”

கதிரையைக் கொத்தினேன். போலந்தில் இதை எழுதியவர்களுக்குப் புத்தகம் ஒரு எரிபொருள், எரித்தால் ஒருவரும் கவலைப்படுவதாகக் கேமில் இல்லை, கணக்கிலும் ஏறாது. 1981இல் 97,000 அளவு நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் அது அப்படி இல்லை. எழுதியவன் தெரிவு என்று நினைக்காத இடத்தில்கூட விளையாடுகிறவனுக்குத் தெரிவு வந்து நிற்கும் என்பதை நான் கண்டது இங்கேதான். எந்தக் கிளை வரைபடத்திலும் இது இருக்காது.

பேப்பர்ஸ் பிளீஸ் (லூகாஸ் போப், 2013) வேறு விதமாகப் பிடிக்கும். நீங்கள் ஆர்ஸ்டொட்ஸ்கா எல்லையில் கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி. யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டிய தலைமுறை நாங்கள், இதில் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருத்திவிட்டார்கள். ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து முடித்தால் 5 கிரெடிட். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. வாடகை, சாப்பாடு, சூடு, மருந்து. ஒரு கணவன் சரியான பத்திரத்தோடு வருகிறான், பின்னால் என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்து வரும் மனைவியிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. உள்ளே விட்டால் கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு துண்டு அச்சாகி மேசையில் விழும். முதல் இரண்டு துண்டும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் வெட்டு. கணக்குக் கேட்பதற்கு இங்கே ஆளே தேவையில்லை, அந்தத் துண்டு போதும். மூன்று பிழைக்குப் பிறகு என் கை தானாகச் சிவப்பு முத்திரைக்குப் போனதைப் பார்த்தபோது, ஓமந்தையில் எங்களைத் திருப்பி அனுப்பியவனை நான் மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவனும் ஒரு நாளுக்கு எத்தனை பேரைப் பார்த்திருப்பான் என்று முதல் தடவையாக யோசித்தேன்.

விட்சர் 3 (2015)இல் நீங்கள் கூலிக்குப் பூதங்களை வேட்டையாடும் கெரால்ட். இதைப் பற்றி எல்லாரும் பாரன் என்ற பிரபுவின் கதையைத்தான் சொல்வார்கள். மரத்துக்கடியில் அடைபட்ட ஆவியைக் கொன்றால் சதுப்பு நிலத்துப் பிள்ளைகள் போய்விடும், விடுவித்தால் ஒரு கிராமம் அழியும், பாரனின் மனைவி சாவாள், பாரன் தூக்கில் தொங்குவான். அருமையான எழுத்து, மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிது, கெரால்ட் மகள்போல வளர்த்த சிரி (Ciri) என்ற பெண். தந்தை மாதிரி இருந்த வெசெமிர் செத்தபிறகு அவள் உடைந்துபோய் இருக்கிறாள். ‘எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கத் தேவையில்லை’ என்று ஆறுதல் சொல்லிக் குடிக்க இருக்கலாம், அல்லது வெளியே கூட்டிப்போய்ப் பனிக்கட்டி எறிந்து விளையாடலாம். இது ஒரு தெரிவு என்றே தெரியாது. சூனியக்காரிகளின் சபைக்கு அவளைத் தனியே போக விடுகிறீர்களா, கூடவே போகிறீர்களா? ஆய்வுகூடத்தை அவள் ஆத்திரத்தில் அடித்து நொறுக்கும்போது தடுக்கிறீர்களா? பல மணித்தியாலம் கழித்து, உலகம் அழியும் நேரத்தில் அவள் தனியே உள்ளே போகும்போது இந்தச் சின்னச் சின்னக் காட்சிகள்தான் திரும்ப ஓடுகின்றன. அவளை நம்பியிருந்தால் வருவாள். பொத்திப் பொத்தி வளர்த்திருந்தால் வரமாட்டாள். எங்கள் ஊர்த் தாய்தகப்பன்மார் எத்தனை பேருக்கு நல்ல முடிவு கிடைக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

மாஸ் எஃபெக்ட் 3 (2012) இதற்கு நேர் எதிர். மூன்று கேம்களுக்கும் உங்கள் பதிவைக் காவிக்கொண்டு போகலாம், யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் எல்லாம் கூடவே வரும், கடைசியில் அத்தனையும் ஒரு படைபல எண்ணாகச் சுருங்கி, சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வெடிப்பு. ரசிகர்கள் கொதித்ததில் அந்த வருடம் ஜூனிலேயே முடிவை நீட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். நடுவில் இருக்கும் கதை நல்லது, முடிவுக்காக வாங்காதீர்கள்.

டிட்ரொயிட்: பிகம் ஹியூமன் (2018) மருமகனுக்கு உயிர், எனக்கு அவ்வளவு இல்லை. கொனர், காரா, மார்கஸ் மூவரில் யாரும் நடுவிலேயே சாகலாம், கதை நிற்காது, அது துணிச்சல்தான். ஆனால் ஒவ்வொரு அத்தியாயம் முடியவும் முழுக் கிளைப்படத்தையும் விரித்து, பூட்டிக் கிடக்கும் பெட்டிகளையும் உலகத்தில் எத்தனை வீதம் பேர் உங்களைப்போலச் செய்தார்கள் என்பதையும் காட்டுகிறார்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய கையோடு ‘மாமா, நாலு பெட்டி திறபடேல்லை’ என்கிறான் இவன். செய்ததற்குப் பதில் சொல்லும் மனநிலை போய், விட்டதை நிரப்பும் மனநிலை வந்துவிடுகிறது. இதை அணைத்து வைத்தால் கேம் இரண்டு மடங்கு நல்லதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

டிஸ்கோ எலிசியம் (2019) மட்டும் தோல்வியையும் கதையாக்கியது. நீங்கள் ஞாபகம் தொலைத்த ஒரு பொலிஸ் துப்பறிவாளர். இரண்டு தாயக்கட்டை உருட்டித்தான் எல்லாம், தோற்றால் அதிலும் ஒரு கதை. விடுதிக் கடனைக் கட்டாமல் ஸ்டைலாக ஓடப் பார்த்து, தோற்று, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு வயதான அம்மா மேலே போய் மோதினேன். லோட் போட மனமே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு. கடைசியில் பழைய பொலிஸ் கூட்டாளிகள் வந்து நீ இத்தனை நாளும் செய்தது என்ன என்று விசாரிக்கும்போது, பக்கத்தில் கூடத் துப்பறிந்த கிம் கிட்சுராகி நின்று உங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகவே வாங்கலாம், ஆங்கிலம் கொஞ்சம் கடினம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வெண்பா (2023) இந்தப் பட்டியலில் சேருமா என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், சமையல், டொரண்டோவில் இருந்து வந்த கேம். எந்தப் பதிலைத் தெரிந்தாலும் கதை போகிற வழிக்கே போகும். இருந்தாலும் மகன் கவின் அம்மாவின் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் என் மச்சான், ஸ்கார்பரோவில் இரண்டு பிள்ளைகள் வளர்க்கிறவன், அழைப்பில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நல்லூர் வீதி விஷயத்தை அதற்குப் பிறகு அவன் எடுப்பதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபிறகு புதுக் கேம் முழு விலைக்கு வாங்குவது எங்களுக்குக் கட்டாது, மலிவு விற்பனை வரும்வரை பொறுங்கள், இங்கே சொன்னவை எல்லாம் பழையவைதான், விலை நன்றாகக் குறையும். கணினி பழசென்றால் பேப்பர்ஸ் பிளீஸும் அண்டர்டேலும் எதிலும் ஓடும். பேப்பர்ஸ் பிளீஸ் 2022 ஓகஸ்டில் இருந்து தொலைபேசியிலும் இருக்கிறது, திஸ் வோர் ஒஃப் மைனும் தொலைபேசியில் உண்டு. விட்சருக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். பால்டர்ஸ் கேட் 3ஐ நான் இன்னும் முடிக்கவில்லை, அதனால்தான் இதில் எழுதவில்லை, தெரிந்தவர்கள் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.