புல்வெளி வேரை அளக்க: துளைக்குழாயா, வலைப்பையா, கேமராக் குழாயா?

மழை குறைந்தால் புல்லின் வேர் ஆழத்துக்கு இறங்குகிறதா? தழைச்சத்து கூடினால் வேருக்குப் போகும் பங்கு குறைகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே கருவி பொருந்தாது. அதைக் கவனிக்காமல் தொடங்கும் ஆய்வுதான் பெரும்பாலும் குழம்புகிறது.

துளைக்குழாய் முறை எளியது. 5 செ.மீ. விட்டக் குழாயை இறக்கி, 10 செ.மீ. அடுக்குகளாக மண்ணை வெட்டி எடுத்து, 0.5 மி.மீ. சல்லடையில் கழுவி, 65 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி எடை போடலாம். இன்று மண்ணில் எவ்வளவு வேர் இருக்கிறது என்பதை இது நன்றாகச் சொல்லும். ஆனால் குழாயின் வாய் 20 சதுர செ.மீ.கூட இல்லை. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிடும்போது ஏறத்தாழ 509 ஆல் பெருக்க வேண்டும். வேரில் 0.1 கிராம் மண் ஒட்டியிருந்தால் பிழை 51 கிராம்! அதனால் மாதிரியில் ஒரு பகுதியை 550 டிகிரியில் எரித்துச் சாம்பலைக் கழிப்பதைத் தவிர்க்கவே கூடாது. செத்த வேரையும் உயிருள்ள வேரையும் பிரிப்பது இன்னொரு தலைவலி. நிறம், நெகிழ்வு இரண்டையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் முடிவு மாறும்.

வலைப்பை புது வளர்ச்சியைக் காட்டும். துளையெடுத்த இடத்தில் 2 மி.மீ. கண் கொண்ட வலைப்பையை வைத்து, வேர் நீக்கிச் சலித்த அதே மண்ணால் நிரப்பி, சில மாதம் கழித்து எடுக்க வேண்டும். நிரப்பும் அடர்த்தியில்தான் பலர் தவறுகிறார்கள். 5 செ.மீ. விட்டம், 20 செ.மீ. ஆழமுள்ள பைக்கு, வயல் மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம் என்றால், உலர் எடையில் 510 கிராம் மண் போக வேண்டும். குறைந்தால் தளர்ந்த மண்ணில் வேர் எளிதாக ஓடிவிடும். எல்லாப் பாத்திகளிலும் ஒரே மாதிரி நிரப்பினால் உரமிட்டது, இடாதது என்று ஒப்பிட இது போதும். வறட்சி ஆய்வுக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சலித்த மண் நீரைப் பிடித்து வைக்கும் விதமே வேறு; அளக்க வந்த காரணியையே பை மாற்றிவிடுகிறது.

வறட்சிக்குக் கேமராக் குழாய்தான். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாயை 45 டிகிரி சாய்த்துப் புதைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே கேமராவை இறக்கிப் படம் எடுத்தால், அதே வேர் பிறப்பதையும் சாவதையும் தொடர்ந்து பார்க்கலாம். சாய்வாக மண்ணுக்குள் போகும் 1 மீட்டர் குழாய் 70 செ.மீ. ஆழம்தான் தொடும், ஆழ வேர் முக்கியமென்றால் நீளத்தை முன்பே கூட்டுங்கள். புதைத்ததும் அளக்கத் தொடங்கக் கூடாது. துளையிட்டதில் அறுந்த வேர்கள் தாறுமாறாகக் கிளைக்கும், அவை அடங்க ஆறு மாதமாவது விட வேண்டும். மண்ணுக்கு மேலே நீட்டிய பகுதிக்குக் கறுப்பு வண்ணமும் இறுக்கமான மூடியும் அவசியம். வெளிச்சம் உள்ளே போனால் மேலடுக்கு வேர்கள் விலகும். களிமண் நிலத்தில் இன்னும் கவனம் தேவை. காயும்போது மண் சுருங்கிக் குழாயை விட்டு விலகும், அந்த இடைவெளியில் வேர் கூட்டமாக இறங்கும். வறட்சியால் வேர் ஆழம் போனது போலவே படம் தெரியும்.

கேமரா தருவது நீளம், எடையல்ல. எடை வேண்டுமென்றால் அதே பாத்தியில், குழாயிலிருந்து சற்றுத் தள்ளி, ஆண்டுக்கு ஒருமுறையாவது துளைக்குழாய் மாதிரி எடுங்கள்.