மிஸ்ஸி வீட்டுக்கு வந்த நாள்கள்

பினாங்கில் எனக்கு இரண்டு பிரசவம். மூத்தவள் 2018, சின்னவன் 2023. இரண்டு முறையும் அரசாங்க கிளினிக் மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். காசு கிடையாது. முதல் பத்து நாளுக்குள் பல தடவை, அப்புறம் இருபதாம் நாள் வாக்கில் ஒரு தடவை. தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் முகவரி. நீங்கள் பத்தியம் இருக்கப்போகும் வீடு எதுவோ, அதற்குப் பக்கத்து கிளினிக்குக்குத்தான் சொல்ல வேண்டும். தலைப்பிரசவத்துக்கு நான் நிபோங் திபாலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மாதாமாதம் செக்கப் போனதோ ஆயர் ஈத்தாமில். டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. அப்பா என் கர்ப்பகால செக்கப் விவரம் எழுதிய பிங்க் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்த பிறகுதான் ஆள் வந்தது.

வந்தால் என்ன செய்வார்கள்? எனக்குப் பிரஷர், காய்ச்சல், தையல், உதிரப்போக்கு எல்லாம் பார்ப்பார்கள். பால் சரியாகக் குடிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்தே கவனிப்பார்கள். பிள்ளையை நிறுப்பார்கள். மூத்தவள் 3.1 கிலோவிலிருந்து 2.9க்கு இறங்கியதும் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை குறையலாம், பயப்பட வேண்டாம் என்றார் மிஸ்ஸி. பிறகு வெளிச்சத்தில் வைத்து நெற்றியை, நெஞ்சை, காலை விரலால் அழுத்தி விட்டுப் பார்ப்பார். 'குனிங்', அதாவது மஞ்சள் காமாலை, எங்கே வரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறாராம்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மலாய் நன்றாகவே வரும். அதனால் பிரச்சினை இருக்காது என்று நினைத்தேன். இரண்டாவது பிரசவம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில், மாமியாரோடு. என்ன சாப்பிடுவது, எப்போது குளிப்பாட்டுவது எல்லாமே அத்தை கையில். மலாயில் அவருக்குத் தெரிந்தது பாசார் மலாய், அதாவது கடைத்தெருப் பேச்சு மட்டும்.

சின்னவனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு, என்று தொப்புள்கொடி ரத்தத்திலேயே தெரிந்தது. 'உபாட் கெகாட்' வேண்டாம் என்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார். அதாவது அந்துருண்டை. அதன் வாடைகூட இப்படிப்பட்ட பிள்ளையின் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். சரி, சரி என்று தலையாட்டினேன். தூக்கக் கலக்கம், நம் வீட்டில் எங்கே இருக்கிறது அந்துருண்டை என்ற நினைப்பு வேறு.

நாலாம் நாள் மிஸ்ஸி உள்ளே வந்ததும் பிள்ளையை விட்டுவிட்டுத் துணியை மோந்து பார்த்தார். மூத்தவளின் சட்டைகளை அத்தை ஐந்து வருஷமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார், அந்துருண்டை போட்டு. அன்று காலை ஆசையாக எடுத்து உடுத்திவிட்டிருக்கிறார். பிள்ளைக்கு மஞ்சள் தொடை வரை இறங்கியிருந்தது. குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் கிடந்தான். துணியால்தான் ஏறியது என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்கு யாரு சொன்னா? சொல்லியிருந்தா செய்வேனா?" என்றார் அத்தை. என்னிடம் பதில் இல்லை.

நான் மெச்சுவது அதற்கப்புறம் நடந்ததை. அடுத்த தடவை வந்தபோது அந்த மிஸ்ஸி என்னிடம் பேசவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கிளினிக்கில் இருந்த தமிழ் மிஸ்ஸிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கால் மணி நேரம். பெட்டி, வெயிலில் காட்டுவது, சர்க்கரைத் தண்ணீர் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். பால் மட்டும் போதும், வெயில் வைத்தியம் ஆகாது என்று பதில் வந்தது. எனக்குத் தண்ணீரே தராமல் வைத்திருந்த பத்தியமும் அன்றோடு தளர்ந்தது. சுறாப்புட்டுக்கு மட்டும் தடை இல்லை. தங்கள் பந்தாங்கிலும், அதாவது மலாய்க்காரர்களின் பிரசவப் பத்தியத்திலும், இப்படி நிறைய உண்டு என்று சிரித்தார் அந்த மலாய் மிஸ்ஸி.

குறை இல்லாமல் இல்லை. எத்தனை மணிக்கு வருவார்கள் என்று தெரியாது, குளிக்கப் போனால் சரியாக அப்போது கதவு தட்டும். ஒரே ஆள் வருவதும் இல்லை. தமிழ் பேசும் மிஸ்ஸி நேரில் வந்தது ஒரே ஒரு முறை. கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வைத்தால் நல்லது. நான் கேட்கவில்லை.

போன மாதம் கீழ் மாடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அத்தை பார்க்கப் போனார். தொட்டிலைக்கூடப் பார்க்கவில்லையாம், துணி எங்கே வைத்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டாராம்.