பத்து ஆட்டுக்கறியா, ஒரு வாணலியா?

சின்ன வயதில் காரைக்குடி வீட்டில் அப்பத்தா என்னிடம் இரண்டு வேலைகள் சொல்வார். ஒன்று, ரேஷன் கடை வரிசையில் நின்று சர்க்கரை வாங்குவது. இன்னொன்று, "மூணாம் வீட்டு ஆச்சி பணியாரச் சட்டிய வாங்கிட்டுப் போயி மாசமாச்சு, கேட்டு வாங்கிட்டு வாடா." இரண்டுமே போய் எடுத்து வருவதுதான். முதலாவதற்குச் சிணுங்குவேன், இரண்டாவதற்கு ஓடுவேன்.

வீடியோ கேம்களில் 'போய் இதை எடுத்து வா' என்று தரும் வேலையான ஃபெட்ச் குவெஸ்ட்டும் இப்படித்தான்.

ரேஷன் வரிசைக்கு உதாரணம், 2014இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்'. அதில் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற இடத்தில் அகதிகள் பசியில் கிடக்கிறார்கள், பத்து ஆட்டுக்கறி வேண்டும். நல்ல காரணம்தான். ஆனால் மூன்றாவது ஆட்டிலேயே அகதிகளை மறந்துவிட்டேன். பத்தில் மூன்று, பத்தில் நான்கு என்ற கணக்குதான் மிச்சம். முதல் ஆட்டில் இல்லாத எதுவும் பத்தாவது ஆட்டில் இல்லை.

பணியாரச் சட்டிக்கு உதாரணம், 2015இன் 'விட்சர் 3'. அதில் ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற ஊரில் ஒரு கிழவி, இரவல் கொடுத்த வாணலியை மீட்டுத் தரச் சொல்கிறாள். பூட்டிய குடிசையின் கதவை உடைத்தால் உள்ளே ஒரு பிணம். வாணலியோ சுத்தமாகத் தேய்த்துக் கிடக்கிறது. அதன் கரியைச் சுரண்டி எழுத மை செய்திருக்கிறார்கள் என்று நாம் ஆடும் நாயகன் கெரால்ட் ஊகிக்கிறான். பேய் பிசாசுகளை வெட்டுகிறவனுக்கு வாணலி தேடும் வேலை! ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் வீட்டு ஆச்சியும் சட்டியை உடனே தரமாட்டார். வளவில் உட்காரவைத்து, கையில் ஒரு சீயத்தைக் கொடுத்து, அடுத்த தெருக் கல்யாணப் பேச்சு முழுவதையும் சொல்லித்தான் அனுப்புவார். அப்பத்தாவுக்குச் சட்டியைவிட அந்தச் சேதிதான் முக்கியம். (சட்டி அடியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். அது தனி வழக்கு.)

அப்படியென்றால் கதை இருந்தால்தான் ருசிக்குமா? அதுவும் இல்லை. 2019இன் 'டெத் ஸ்ட்ராண்டிங்'இல் பெரும்பாலும் பார்சல் சுமப்பதுதான் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததுகூடக் கிடையாது. முதுகில் உயரமாக அடுக்கினால் ஒரு பக்கம் சாயும், உடனே பொத்தானை அழுத்தி நிமிர்த்த வேண்டும். ஆற்றில் தடுக்கினால் சரக்கு மிதந்து போய்விடும். இங்கே நடையே விளையாட்டு. எனக்கு வாணலியைவிட இதுதான் ஒரு படி மேல்.

ஒருமுறை அந்த விளையாட்டில் செங்குத்தான பாறையடியில், கையில் ஏணி இல்லாமல் முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலேயே முகம் தெரியாத யாரோ ஒரு ஆட்டக்காரர் சாத்திவிட்டுப் போன ஏணி இருந்தது. அதற்கு ஒரு லைக் போட்டுவிட்டு மேலே ஏறினேன்.