சார்ல்ஸ்டனில் ஒரு நீண்ட வார இறுதி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பிப்ரவரியில் வரும் அதிபர் தின விடுமுறையை ஒட்டி நானும் மனைவியும் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குப் போய் வந்தோம். கல்யாண நாள் வேறு என்பதால் இந்த முறை கணக்குப் பார்க்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பெரிய ஓட்டல், குதிரை வண்டி, முன்பதிவு கிடைக்காத உணவகம், பழைய பண்ணைத் தோட்டம், எல்லாம் உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு முழு மதிப்பெண். ஓட்டலுக்குப் பாதி. குதிரை வண்டிக்குப் பூஜ்யம் போடலாம், ஆனால் குதிரை பாவம். எங்கள் பையைக் காலி செய்த இடங்களைவிட, ஆளுக்கு 20 டாலர் அளவில் உள்ளே விட்ட இடங்கள்தான் இந்தப் பயணத்தைப் பயணமாக்கின.

ஓட்டலின் பெயர் வேண்டாம், பழைய பகுதியின் நடுவில் இருக்கும் பெரிய இடங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு 500 டாலரைத் தாண்டிய வாடகை, அதன் மேல் வரி, அதன் மேல் வசதிக் கட்டணம் என்று எதற்கென்றே தெரியாத ஒன்று, வேலே பார்க்கிங்குக்கு நாளொன்றுக்கு 50 சொச்சம், அந்தக் காரைத் திரும்பக் கொண்டுவரும் பையனுக்கு டிப்ஸ். படுக்கை அருமை, குளியலறைப் பளிங்கு அருமை, மாலையில் ஊற்றிக் கொடுத்த ஒயினும் மோசமில்லை. ஆனால் ‘நகரக் காட்சி’ என்று கூடுதலாகக் காசு வாங்கிய அறையில் திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏசி மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே போய்ச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் தென் மாநிலங்களுக்கே உரிய அந்த இழுவைப் பேச்சில் அவ்வளவு இனிமையாக வருத்தப்பட்டு, வேறு அறை காலியில்லை என்று சொல்லி, ஒரு டப்பா பிரலைன் மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார். மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது.

இருந்தாலும் தங்கினால் பழைய பகுதிக்குள்தான் தங்க வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு இது, எங்கும் நடந்தே போய்விடலாம். நெடுஞ்சாலை ஓரம் மலிவாக அறை எடுத்துக்கொண்டு தினமும் காரில் வந்தால் காலை ஏழு மணித் தெருக்களைப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் டிராட் தெரு, சர்ச் தெரு பக்கமெல்லாம் சுற்றுலாக் கூட்டம் கிடையாது, நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களும் தோட்டக்காரர்களும்தான்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பழைய வீடுகள் பலவும் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அகலத்துக்கு ஓர் அறைதான், நீளம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தில் மாடிக்கு மாடி நீண்ட தாழ்வாரம். தெருவில் இருக்கும் வாசல் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் காற்றைப் பிடிக்க இந்த ஏற்பாடு. சுவர்களில் ஆங்காங்கே இரும்புத் தகடுகள் பதிந்திருப்பதைப் பார்த்து என் மனைவி அலங்காரம் என்றே நினைத்திருந்தாள். 1886 ஆகஸ்ட் 31 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஆடிப்போன சுவர்களை இரும்புக் கம்பியால் ஊடுருவி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கம்பிகளின் முனைதான் அந்தத் தகடுகள். சிலர் அதற்கும் சிங்க முகம் வைத்திருக்கிறார்கள்.

ஊர் இவ்வளவு பழசாகவே மிஞ்சியதற்கு முக்கியக் காரணம் பணம் இல்லாமல் போனதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மற்றத் தென் மாநிலங்களோடு சேர்ந்து தோற்று, அப்புறம் நிலநடுக்கமும் வந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. 1931இல் நகராட்சி பழைய பகுதியைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது, அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல். எல்லோரும் நின்று படமெடுக்கும் ரெயின்போ ரோவின் 13 வீடுகளும் அந்தக் காலத்தில் பாழடைந்த கடைவீடுகள். அதே 1931இல் ஓர் அம்மாள் அவற்றில் சிலதை வாங்கி இளஞ்சிவப்பு அடித்தார், பக்கத்தில் வாங்கியவர்கள் ஆளுக்கொரு நிறம் பூசினார்கள். குடித்துவிட்டு வரும் மாலுமிகள் தங்கள் வீட்டை அடையாளம் காணத்தான் இந்த நிறங்கள் என்று வழிகாட்டி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குதிரை வண்டி. ஆளுக்கு 50 டாலர் அளவில் கொடுத்து, முன்பின் தெரியாதவர்களோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நகராட்சி நெரிசலைக் குறைக்க எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போகலாம் என்பதைப் புறப்படும்போது குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்கிறது. வண்டிக்காரருக்கே அதில் உரிமை இல்லை. எங்களுக்கு விழுந்த வழியில் பேட்டரி என்ற கரையோர நடைபாதையை ஒட்டிய மாளிகைகள் ஒன்றுகூட வரவில்லை. நாங்கள் பார்த்தது இரண்டு தேவாலயம், நிறைய நிறுத்தி வைத்த கார்கள், அப்புறம் குதிரை மூத்திரம் போனதும் வண்டிக்காரர் எடை கட்டிய ஒரு சின்னக் கொடியைச் சாலையில் வீசிவிட்டுப் போனது. அந்தக் கொடியைப் பார்த்துத்தான் பின்னால் தண்ணீர் லாரி வந்து கழுவுகிறது. நேர்மையாகச் சொன்னால் அந்த ஏற்பாடுதான் பயணத்தில் ரசித்த பகுதி. அதே காசில் நல்ல நடைச் சுற்றுலா போகலாம், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம்.

எலிசபெத் தெருவில் இருக்கும் ஐக்கன்-ரெட் இல்லத்துக்குக் கட்டாயம் போங்கள். 1820 வாக்கில் கட்டிய மாளிகை, மாநில ஆளுநராக இருந்த வில்லியம் ஐக்கனின் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்தது. மற்ற மாளிகைகளைப் போலப் புதுப்பித்து மெருகேற்றாமல், இருந்தது இருந்தபடி இடிந்து விழாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். வரவேற்பறையில் சரவிளக்கு தொங்குகிறது, அதன் கீழே சுவர்க் காகிதம் உரிந்து தொங்குகிறது. போனில் ஒலிக்குறிப்பைப் போட்டுக்கொண்டு நாமே சுற்றலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஆனால் வீட்டைவிடப் பின்முற்றத்தில்தான் நேரம் போனது. ஒரு பக்கம் சமையல்கட்டு, எதிரே குதிரை லாயம், இரண்டுக்கும் மேலே அடிமைகள் தங்கிய அறைகள். சுற்றிலும் உயரமான மதில். மேலே போனால் குறுகலான நடை, சின்னச் சின்ன அறைகள், கணப்பு அடுப்பு, சுவரில் பழைய வண்ணப்பூச்சின் மிச்சம். ஜன்னல்கள் முற்றத்தைத்தான் பார்க்கின்றன, அங்கிருந்து பார்த்தால் எசமானின் பின்வாசல் நேராகத் தெரிகிறது. அவர்களுக்கு வெளியே தெரிய வேண்டியதில்லை, வீட்டுக்கு அவர்கள் தெரிந்தால் போதும் என்று கட்டியிருக்கிறார்கள். இந்த மாளிகைக்கான காசு ஜெஹோசி தீவில் இருந்த ஐக்கனின் நெல் வயல்களிலிருந்து வந்தது. அங்கே ஏறக்குறைய 700 பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்பினால் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பழைய வயல் ஓவியங்கள் வேறு மாதிரி தெரியும். தவிர்க்கவும் முடியாது. இந்த ஊரின் அழகையும் அடிமை வியாபாரத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க நினைப்பவர்கள் கடற்கரைக்குப் போவதே நல்லது.

அடுத்தது ஆற்றங்கரையில் 2023 ஜூனில் திறந்த இன்டர்நேஷனல் ஆப்ரிக்கன் அமெரிக்கன் மியூசியம். அது நிற்கும் இடம் கேட்ஸ்டன் வார்ஃப், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறை. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மண்ணின் மேல் கட்டடம் உட்காரக் கூடாது என்று 18 தூண்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே திறந்தவெளியில் ஒரு தண்ணீர்ப் பரப்பு. தரையில் நெருக்கி நெருக்கிப் படுத்த மனித உருவங்கள், கப்பலின் அடித்தட்டில் கிடத்திய விதத்திலேயே. தண்ணீர் மெல்ல ஏறி அவற்றை மூடும், பிறகு வடியும். நாங்கள் நின்றபோது ஒரு குழந்தை அதில் குதித்து ஓட, அதன் பாட்டி கூப்பிடவில்லை, திட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், முன்பே வாங்கிவிடுங்கள். கீழே சுற்றிப் பார்க்கக் காசில்லை.

பக்கத்துத் துறையிலிருந்து ஃபோர்ட் சம்ட்டருக்குப் படகு உண்டு. 1861 ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போர் தொடங்கிய கோட்டை. போர் வரலாற்றில் பித்து இருந்தால் போங்கள், எங்களுக்குக் காற்று வாங்கியதுதான் மிச்சம்.

மிடில்டன் பிளேஸ் ஊருக்கு வெளியே, காரில் அரை மணி நேரம். 1741இல் தொடங்கிய தோட்டம், படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும் புல்வெளியும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு வடிவக் குளங்களும். பிப்ரவரியில் கமீலியா பூத்துக் கொட்டிக் கிடந்தது. பெரிய வீட்டை 1865இல் வடக்குப் படை எரித்தது, எஞ்சிய சுவர்களை அந்த நிலநடுக்கம் சாய்த்தது. டிக்கெட் விலை அதிகம், ஆனாலும் சரி. கூட்டமாக எல்லோரும் பூக்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் எலைசாவின் வீடு என்ற சிறிய மரவீட்டுக்கும் போங்கள். அங்கே இந்தக் குடும்பத்திடம் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள், சில பெயர்களுக்குப் பக்கத்தில் விலையும்.

சாப்பாடு. ஒரு மாதம் முன்பே பதிவு செய்த பெரிய உணவகம் ஒன்றில் உட்கார்ந்ததுமே, உங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். நண்டுக் கருவும் ஷெர்ரியும் சேர்த்த சூப் உண்மையிலேயே பிரமாதம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்த சூப். அதற்கு நேர்மாறு நார்த் சார்ல்ஸ்டன் பக்கம் உள்ள பெர்தாஸ் கிச்சன். 2017இல் அமெரிக்க உணவகங்களுக்கான பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கிய இடம், ஆனால் வரிசையில் நின்று தட்டு வாங்க வேண்டும். தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு, வெண்டைக்காய் சூப், வறுத்த கோழி. நம் வீட்டுத் தக்காளி சாதத்தில் யாரோ புகை போட்ட மாதிரி ஒரு ருசி, ஏனென்றால் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சமையல் கல்லா கீச்சி என்று அழைக்கப்படும் கறுப்பின மக்களுடையது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நெல் விளைக்கத் தெரிந்தவர்களைப் பிடித்து வந்து சதுப்பில் வயல் வெட்டவைத்தார்கள், அவர்களின் பிள்ளைகள் சமைத்தது இது. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீரை, அவரை என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் உள்ளே இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைத்தெருவில் பணம் கொடுக்க ஆசைப்பட்டால் சிட்டி மார்க்கெட்டில் மிட்டாய்க் கடைகளைத் தாண்டிப் போய் சுவீட்கிராஸ் என்ற கடலோரப் புல்லில் கூடை பின்னுபவர்களிடம் நில்லுங்கள். எங்களிடம் பேசிய அம்மாள் கையில் இருந்தது ஊசி இல்லை, காம்பைத் தேய்த்து முனை எடுத்த ஒரு ஸ்பூன் பிடி. அதைப் புல்சுருளுக்குள் குத்தித் துளை போட்டு, கிழித்த பனையோலை நாரை அதில் நுழைத்து இறுக்குகிறார், மறுபடி குத்துகிறார். உள்ளங்கை அளவு தட்டுக்கே நூறு டாலருக்குப் பக்கம். பேரம் பேசலாமா என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, புல்லை எடுக்க முன்பு நடந்து போன கரைகளை இப்போது கோல்ஃப் மைதானங்களும் சொகுசு விடுதிகளும் வேலி போட்டு வைத்திருக்கின்றன, தூரம் போய் வாங்க வேண்டியிருக்கிறது என்றார். அவர் கேட்டதைக் கொடுத்தோம்.

போகிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்து ஆளைக் கொல்லும். மார்ச், ஏப்ரலில் பூவும் கூட்டமும் அறை வாடகையும் ஒன்றாக ஏறும். அதனால்தான் பிப்ரவரி. இன்னொன்று, முழுநிலா, அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கினால் மழையே இல்லாமல் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். போகும் முன் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, கூடவே கற்கள் பாவிய சால்மர்ஸ் தெருவில் நடக்கத் தோதான செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள், குதிகால் உயர்ந்த எதுவும் அங்கே நிற்காது.