பழ பேஸ்ட்ரி கிட்டில் 4,500 போச்சு, போனில் சொல்வதை நம்பாதீர்கள்

கோபத்தில் கை இன்னும் நடுங்குகிறது. ஆறவிட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால்தான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலேயே சுலபமாக, ஒரே கடியில் வாயில் போட்டுக்கொள்கிற அளவில் பழ பேஸ்ட்ரி செய்யலாம் என்று ஆன்லைனில் கிட் விற்கிறார்கள் இல்லையா, அப்படி ஒன்றை வாங்கி 4,500 தொலைத்திருக்கிறேன். நேற்று ராத்திரிதான் கடைசியாக, "தப்பு உங்க பக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரி கிட் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தங்கை மகளுக்குப் பிறந்தநாள். பிள்ளைகள் எப்படியும் முப்பது பேர் வருவார்கள். பெரிய துண்டாகக் கொடுத்தால் பாதியைக் கடித்துவிட்டு வைத்துவிடுவார்கள், சின்னச் சின்னதாகப் பழம் வைத்துச் செய்தால் ஒன்றுகூட வீணாகாது என்று நான்தான் ஆசைப்பட்டேன். பழப் பூரணம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அடுக்கடுக்காக எழும்புகிற பஃப் பேஸ்ட்ரி மாவைக் கையால் மடித்து எடுக்கப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. வெண்ணெயை உள்ளே வைத்து மும்மடிப்பாக ஆறு தடவை மடித்தால் 729 அடுக்கு வரும், நடுநடுவே ஃப்ரிட்ஜில் வைத்து வைத்து எடுக்க வேண்டும், அரை நாள் அதற்கே போய்விடும். அதனால் உறைய வைத்த ரெடிமேட் மாவு ஷீட் வாங்கிக்கொள்ளலாம் என்று தேடினேன்.

அந்த ஆன்லைன் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீட்டிலிருந்தே பேக்கிங் சாமான் விற்பதாகச் சொல்லிக்கொள்கிற, வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற வகை. வீடியோவில் ஒரு பேஸ்ட்ரியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து உடைத்துக் காட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கே மனசு போய்விட்டது. ஷீட் நாலு பாக்கெட், 24 குழி உள்ள சின்ன மஃபின் ட்ரே ஒன்று, பழப் பூரணம் ரெண்டு பாட்டில், அப்புறம் கூடவே நேரலை வகுப்பு. எல்லாம் சேர்த்து 4,500.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. போன் பண்ணிக் கேட்டேன். ஒரு பெண் பேசினார். ஷீட் வழியில் இளகிவிடாதா என்று கேட்டதற்கு, "ஐஸ் பேக் போட்டுத்தான் அக்கா அனுப்புவோம், கல்லு மாதிரி வந்து சேரும்" என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். உடனே அந்தக் குரல் அப்படியே இறங்கி, "நானே ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு வீட்ல இருந்துதான் அக்கா செய்யறேன், உங்களை ஏமாத்தி எனக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றது. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். நானும் பிள்ளை பெற்றவள். போனை வைத்த கையோடு 4,500 அனுப்பினேன்.

பெட்டி மத்தியானம் வந்தது. தெர்மாகோல் பெட்டியின் அடி நனைந்திருந்தது. திறந்தால் ஐஸ் பேக் எல்லாம் வெறும் தண்ணீர்ப் பை. ஒரு பாக்கெட்டைக் கையில் தூக்கினேன், ஈரத் துணி போல இரண்டு பக்கமும் தொங்கியது. அழுத்திய இடத்தில் விரல் பதிந்தது. உடனே போன் பண்ணினேன். அதே பெண், அதே கனிவு. "ஒண்ணும் ஆகாது அக்கா, அப்படியே ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, காலையில பாருங்க, சரியாயிடும்."

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பஃப் பேஸ்ட்ரிக்கு உயிரே அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு இளகாமல் இருப்பதுதான். சூடான ஓவனுக்குள் போனதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். அதற்கு முன்னாடியே கொழுப்பு உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு அடுக்கே இருக்காது, அப்புறம் எத்தனை தடவை உறைய வைத்தாலும் போனது போனதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தினமும் இதையே செய்கிறவர் சொல்கிறாரே என்று ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு போட்டோ எடுத்து வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிறந்தநாள் அன்று காலையில், முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்திருந்த ஷீட்டை எடுத்தேன். மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வரவில்லை. எப்படியோ பிரித்து ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக் குழியில் அமுக்கி வைத்தேன். பாட்டிலைத் திறந்தால் அது பூரணமே இல்லை, சர்க்கரைத் தண்ணீரில் நாலைந்து பழத்துண்டு மிதக்கிறது. அதை வடிகட்டி, சோள மாவு கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, குழிக்கு ஒரு டீஸ்பூன் வீதம் வைத்தேன். 200 டிகிரி ஓவன். வழக்கமாகப் பதினைந்து, இருபது நிமிஷத்தில் பொங்கிப் பொன்னிறமாகிவிடும். இங்கே பத்தாவது நிமிஷமே குழிக்குள் எண்ணெய் தேங்கிக் கொதிக்க ஆரம்பித்து, வழிந்து ஓவனுக்குள் சொட்டி, சமையலறை முழுக்கப் புகை. வெளியே எடுத்தால் துளிகூட எழும்பவில்லை, ஓரம் கருகி நடுவில் பச்சை மாவு. ஒன்றைக் கத்தியால் நெம்பித் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் கறுப்பாகச் செதில் செதிலாக ஒட்டியிருந்தது, மிளகுத்தூள் தூவினாற்போல. ட்ரேயின் பூச்சு உரிந்து வந்திருக்கிறது, முதல் தடவையிலேயே. கருகாத ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தேன், மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. சுத்தமான வெண்ணெய் என்று வீடியோவில் சொன்னவர்கள் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் பாமாயில் என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து தங்கை மகள் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று, "பெரியம்மா, ஆயிடுச்சா?" என்றாள். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். பூச்சு உரிந்ததைப் பிள்ளைகள் வாயில் எப்படி வைப்பேன்?

அன்று சாயங்காலமே போன் பண்ணினேன். "போட்டோ அனுப்புங்க அக்கா, டீம்ல காட்டுறேன்." அனுப்பினேன். மறுநாள், "உங்க ஓவன்ல சூடு சரியா ஏறலை போல." ஓவனுக்குள் வைத்திருக்கும் தெர்மாமீட்டரைப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் வேறு ஒரு ஆண் குரல், "சாமான் வந்து 24 மணி நேரத்துக்குள்ள எழுத்துல புகார் குடுத்திருக்கணும் மேடம்." நான் பெட்டியைப் பிரித்த நிமிஷமே போன் பண்ணினேனே என்றால், பதிவே இல்லையாம். கடைசியாக நேற்று ராத்திரி சொன்னதுதான் உச்சம். இளகின ஷீட்டைத் திரும்ப உறைய வைத்தது நானாம், அப்படிச் செய்யக் கூடாது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதாம், அதனால் 4,500 திரும்பத் தர முடியாதாம். எடுத்துப் பார்த்தேன், போட்டிருக்கிறது. உறைய வைக்கச் சொன்னது உங்கள் ஆள்தான் என்றேன். "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அடித்தால் இப்போது ரிங்கே போவதில்லை. நேரலை வகுப்பு என்று வந்த லிங்க்கும் பதினொரு நிமிஷப் பழைய வீடியோதான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது உட்கார்ந்து எழுத மனசே இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். ஷீட் வளைந்தாலோ, கவருக்குள் ஐஸ் படிந்து கட்டியாக இருந்தாலோ, அது ஒரு தடவை இளகியிருக்கலாம், தொடாமல் அப்படியே புகார் கொடுங்கள். போனில் என்ன சொன்னாலும் "இதை மெசேஜில் போடுங்கள்" என்று கேளுங்கள், போட மறுத்தால் அவர்கள் சொன்னபடி எதையும் செய்யாதீர்கள். பூரணத்தைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம், பழம், சர்க்கரை, கொஞ்சம் சோள மாவு, பத்து நிமிஷ வேலை. ஷீட்டை நேரில் போய், ஃப்ரீசரிலிருந்து கையால் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இன்று காலையிலும் அந்த ஆணின் எண்ணுக்கு மெசேஜ் போட்டேன், என் 4,500 என்ன ஆச்சு என்று. ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பதில் இல்லை. ட்ரேயையும் மிச்சம் இருக்கும் இரண்டு பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், நாளைக்கு எழுத்தில் நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன்.