வளைந்த நாற்காலி: மரமா, பிளைவுட்டா, பிளாஸ்டிக்கா?

கூழாங்கல், முட்டை, பூ என்று எந்தச் சாயலில் நாற்காலி வந்தாலும் அதை ‘ஆர்கானிக்’ என்றே விற்கிறார்கள். வடிவம் இயற்கையைப் போல இருப்பது வேறு, பொருளே இயற்கையாக இருப்பது வேறு. எனவே நான் முதலில் பார்ப்பது, அந்த வளைவு எப்படி வந்தது என்பதைத்தான்.

என் ஓட்டு ஆவியில் வளைத்த மரத்துக்கு. நாற்காலி தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிக்கு பீச் (beech) மரக் கம்புகளை ஆவியில் வேகவைத்து, அச்சில் வளைத்துக் காயவிட்டார்கள். ஆறு துண்டுகள், பத்து திருகுகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள்! இந்த முறையில் மரத்தின் நார் அறுபடாமல் வளைவோடு சேர்ந்தே ஓடும். அதே வளைவை அகலமான பலகையிலிருந்து ரம்பத்தால் அறுத்தெடுத்தால், வளைவின் நடுவே நார் குறுக்கே வெட்டுப்பட்டு, பாரம் ஏறும்போது அங்கேதான் முறியும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரேகையை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாதியில் ஓரத்தில் போய் முட்டினால் அது அறுத்த வளைவு. பிரம்புப் பின்னல் போட்ட இருக்கை என்றால் இன்னொரு வசதி: தொய்ந்தால் அதை மட்டும் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.

சாய்ந்து உட்கார என்றால் பிளைவுட் பக்கம் போவேன். மெல்லிய மர ஏடுகளைப் பசை தடவி அச்சில் அழுத்துவதால் அதில் ஒரு துள்ளல் இருக்கும். பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வர் ஆல்டோ, எஃகுக் குழாய் உடம்புக்குச் சில்லிடும் என்று ஒதுக்கிவிட்டு, 1930களின் தொடக்கத்தில் பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக பிர்ச் மரத்தில் வளைத்த நாற்காலி இதற்கு நல்ல உதாரணம். சிக்கல், கிண்ணம்போல இரண்டு திசையிலும் குழிக்கும்போதுதான் வரும். ஏடு விரிசல் விடும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940இல் நடத்திய போட்டிக்காக வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும் செய்த இருக்கைகளில் இந்த விரிசல்களைத் துணி போர்த்தித்தான் மறைக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஏடு பிரியும். அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

பிளாஸ்டிக்குக்கு எந்த வளைவும் பிரச்சினை இல்லை. டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பான்டன் 1967இல் ஒரு நாற்காலியை முழுவதும் ஒரே துண்டாக வார்த்துக் காட்டினார். பார்வைக்கு உயிருள்ள வடிவம், கைக்கு பெட்ரோலியம்! மரத்தில் விழுந்த கீறலை இழைத்துவிடலாம், இதில் அப்படியே நிற்கும். மழைச் சாரல் படும் இடம், கஞ்சி கொட்டும் குழந்தை என்றால் மட்டும் வாங்குவேன். பூவைப் போல ஒற்றைத் தண்டில் நிற்கும் ‘துலிப்’ நாற்காலியையும் சாரினென் ஒரே பொருளில்தான் செய்ய ஆசைப்பட்டார். ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) தண்டு பாரம் தாங்காது என்பதால், கடைசியில் அலுமினியத் தண்டுக்கு வெள்ளை பூசிச் சமாளித்தார்கள்.