வின்ரர் ரயரா, ஓல் வெதரா?

ரொறன்ரோவில் குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்வதென்றால் பெரிய செலவு ரயர்தான். எனக்கு இரண்டு வழி இருந்தது. குளிருக்கென்று தனியாக நாலு வின்ரர் ரயர் வாங்கலாம். இல்லையென்றால் வருடம் முழுக்க ஒரே ஓல் வெதர் ரயரில் ஓடலாம். நான் வின்ரர் ரயர்தான் வாங்கினேன், தனி இரும்பு றிம்மோடு.

ஓல் சீசன் என்று விற்கும் சாதாரண ரயர் வேறு வகை, அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 7 பாகைக்குக் கீழே அதன் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும்.

ஓல் வெதர் அப்படியில்லை. பனிக்கு ஏற்ற ரயர் என்று காட்டும், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி வின்ரர் ரயரைப் போல அதற்கும் உண்டு. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டம் கேட்பதும் அந்தக் குறியைத்தான். அப்பார்ட்மெண்டில் இருந்துகொண்டு, நாலு ரயரை வைக்க இடமில்லாதவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம்.

இடம் இருந்தால் என் வாக்கு வின்ரருக்குத்தான். ஆனால் தனி றிம் கட்டாயம். ஒரே றிம்மை வைத்துக்கொண்டால் வருடத்துக்கு இரண்டு தடவை ரயரைக் கழற்றி, மாட்டி, பலன்ஸ் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலி, நவம்பரில் கராஜில் நீண்ட வரிசை, போதாததற்கு ரயரின் விளிம்பும் அடிபடும். தனி றிம் என்றால் ஜாக்கி வைத்து வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். நல்ல அலோய் றிம்மும் வீதி உப்பில் அரிபடாமல் தப்பும்.

தேய்மானத்தையும் பாருங்கள். ரயரின் பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டால் பனியில் பிடிமானம் போதாது. ஓல் வெதர் கோடையிலும் தேய்கிறது. வின்ரர் அப்போது நிலவறையில் ஓய்வெடுக்கிறது. இரண்டு செற் வாங்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படியே திரும்பி வந்துவிடும். 2016 முதல் ஒன்ராறியோவில் வின்ரர் ரயருக்குக் காப்புறுதிக் கழிவும் உண்டு. ஓல் வெதருக்குத் தருவார்களா என்பதை உங்கள் கம்பனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓல் வெதரை நான் ஓட்டியது தம்பியின் காரில் மட்டும், அதுவும் ஸ்காபரோவின் மென்பனியில். அதில் குறை தெரியவில்லை. கண்ணாடி போல உறைந்த வீதியில் ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் அங்கே இரண்டையும் ஒப்பிட எனக்கு அனுபவம் போதாது.

வீட்டில் மாற்றுபவர்கள் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது றிம்மில் காற்றழுத்த சென்சர் இல்லையென்றால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தபடியே இருக்கும். அப்போது காற்றை நீங்களேதான் அடிக்கடி பார்க்க வேண்டும், குளிர் கூடக்கூட அழுத்தம் தானாகவே இறங்கும்.